எத்தனை எச்.பி. டிராக்டர் வாங்கலாம்? வேலூர்ப் பக்கம் புதிதாக நிலம் வாங்கியவர்களுக்கு

கொல்லை என்று நாங்கள் சொல்லும் மேட்டு நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் ஓரிடத்தில் இரண்டு பனைமரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இடைவெளி ஆறரை அடி. ஓய்வு பெற்ற கையோடு ஒடுகத்தூருக்கு இந்தப் பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கி, அடுத்த மாதமே 47 எச்.பி. (குதிரைத்திறன்) டிராக்டரும், பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ஆறடி ரோட்டவேட்டரும் எடுத்தேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவுக்கே இனிப்பு கொடுத்து ஓட்டி வந்தோம். பனைகளுக்கு நடுவே டிராக்டர் நுழைந்துவிட்டது. பின்னால் மாட்டியிருந்த ரோட்டவேட்டர் நுழையவில்லை. பக்கத்துக் கொல்லைப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "வண்டிய பாத்தியே, வழிய பாத்தியா நைனா?"

பனைகள் அவருடையவை. அவரே சம்மதித்தாலும் மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்ட முடியாது. இரண்டு வருடம் அவர் கழனி அறுவடையாகிக் காலியாகும்வரை காத்திருந்து, அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். மூன்றாம் வருடம் வண்டியை விற்றேன். எவ்வளவு நஷ்டம் என்று வீட்டில் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

ராணுவத்திலிருந்தும் அரசு வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று வருபவர்கள், சென்னை, பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், ஆலங்காயம் பக்கம் நிலம் வாங்குபவர்கள் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அஞ்சு ஏக்கருக்கு எத்தனை எச்.பி. சார் வாங்கலாம்?" ஏக்கர் கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வண்டி எந்த வழியில் போகும், என்ன கருவியை இழுக்கும், எந்த மண்ணில் நிற்கும் என்ற மூன்றும் தெரிந்தால் எச்.பி. தானாக வந்து நிற்கும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு டேப் வாங்குங்கள்

டிராக்டர் கடைக்குப் போகும் முன் ஐம்பதடி டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு, தார்ச்சாலையில் ஆரம்பித்து நிலத்தின் கடைசி மூலைவரை நடந்து போங்கள். வழியில் மிகக் குறுகலான இடம் எது, கல்வெர்ட்டின் (சிறுபாலத்தின்) அகலம் என்ன, கால்வாயைத் தாண்ட என்ன போட்டிருக்கிறார்கள், கேட் எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். 35 முதல் 50 எச்.பி. வரையுள்ள சாதாரண வண்டிகள் ஐந்தரை முதல் ஆறரை அடி அகலம் வரும். மினி டிராக்டர் மூன்றரை, நாலு அடிக்குள் அடங்கும். ஆனால் பின்னால் மாட்டும் கருவி சில சமயம் வண்டியைவிட அகலமாக இருக்கும். ஆறடி ரோட்டவேட்டர் என்றால் ஆறடி மண்ணைக் கிளறும் என்று அர்த்தம். கியர் பெட்டி, பக்கத் தகடு எல்லாம் சேர்த்தால் ஆறே முக்கால் அடிக்கு வந்துவிடும். என் பனைமரக் கதை அங்கேதான் முளைத்தது.

அடுத்து நிலத்தின் உள்ளே. பழைய கழனிகள் 15 சென்ட், 20 சென்ட், 30 சென்ட் என்று துண்டு துண்டாக வரப்பு கட்டிக் கிடக்கும். பெரிய வண்டி அதற்குள் இறங்கினால் திரும்புவதிலேயே பாதி நேரம் போகும்; நாலு மூலையும் உழாமல் நிற்கும்; அந்த மூலைகளை மண்வெட்டியால் கொத்த ஆள் விட வேண்டும். போதாக்குறைக்கு ஏறி இறங்கும் இடத்தில் வரப்பு உடைந்து, அண்டை வெட்டிப் பூசும் கூலி தனி. பெரிய வண்டிதான் வேண்டும் என்றால் முதலில் வரப்புகளைக் கலைத்து அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் பாத்திகளாகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். மட்டம் ஒத்து வந்தால்தான் அது நடக்கும். ஜவ்வாது மலை அடிவாரத்து நிலங்கள் படிப்படியாக இறங்கும். அங்கே ஒத்து வராது.

தோப்பு இருந்தால் மர இடைவெளியை அளக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, தாழ்ந்த கிளை தரையிலிருந்து எத்தனை அடி என்று பார்க்க வேண்டும். முப்பதடி இடைவெளியில் நட்ட மாமரத்தில்கூட இருபது வருடத்தில் கிளைகள் கைகோத்துக்கொள்ளும்.

இனி, வேலைக் கணக்கு

எங்கள் ஐந்து ஏக்கரில் இரண்டு ஏக்கர் ஏரிக்குக் கீழே உள்ள கழனி, ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை போடும் செம்மண் கொல்லை, ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். புதிதாக வந்தவர்கள் பழகிக்கொள்ளுங்கள்.

கழனிக்கு ஒரு போகத்துக்குப் புழுதி உழவு ஒன்று, சேடை (தண்ணீர் கட்டிச் சேறாக்கும் உழவு) இரண்டு ஓட்டு. ஏக்கருக்கு நாலு மணி நேரம் வைத்தால் இரண்டு ஏக்கர், இரண்டு போகத்துக்கு 16 மணி. கொல்லைக்கு கல்டிவேட்டர் (கொழுக்கள் வரிசையாக உள்ள இரும்புக் கலப்பை) இரண்டு ஓட்டு, விதைப்புக்கு முன் ரோட்டவேட்டர் ஒரு ஓட்டு: சுமார் 5 மணி. தோப்பில் வருடத்துக்கு மூன்று முறை களை உழவு: 7 மணி. எரு அடிப்பது, மூட்டை ஏற்றுவது, மருந்தடிக்கத் தண்ணீர் டேங்க் இழுப்பது என்று ஒரு 15 மணி. மொத்தம் 43 மணி நேரம். வருடம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். கருவியோடு சேர்த்து 6 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து 2 லட்சத்துக்குப் போனால் தேய்மானம் வருடத்துக்கு 40,000. கடன் வட்டியோ, வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியோ, சராசரியாக இன்னொரு 40,000. இன்சூரன்ஸ், ஆயில், பில்டர், டயர், கொட்டகை என்று 20,000. ஆக வருடத்துக்கு ஒரு லட்சம். 43 மணியால் வகுத்தால் மணிக்கு 2,300 ரூபாய்க்கு மேல், டீசல் இன்னும் ஊற்றவே இல்லை. உங்கள் ஊரில் ரோட்டவேட்டருக்கு மணி வாடகை என்ன என்று கேட்டுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இதில் பாதிகூட இருக்காது. வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை மணி வாடகைக்கு அனுப்புகிறது. உழவன் செயலியில் பதிவு செய்து கேட்கலாம்.

அப்படியானால் ஐந்து ஏக்கர்காரர் வாங்கவே கூடாதா? கணக்குப் பார்த்தால் கூடாது. ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது: பதம். செம்மண்ணில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு உழவுக்கேற்ற ஈரம் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் நிற்கும். ஆடிப் பட்டத்தில் மழை பெய்த மறுநாள் காலையில் ஊரில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். வாடகை வண்டிக்காரர் பத்து ஏக்கர், பதினைந்து ஏக்கர் உள்ளவர்களிடம் முதலில் போவார். ஒன்றரை ஏக்கருக்கு ஐந்தாம் நாள் வருவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் பிழைப்பு அது. அதற்குள் மண் இறுகிவிடும், அடுத்த மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். பதம் தவறி விதைத்த வருடத்தின் மகசூல் குறைவையும் சேர்த்து எழுதினால், சிறிய சொந்த வண்டிக்கு நியாயம் இருக்கிறது. பெரிய சொந்த வண்டிக்கு, பக்கத்துக் கழனிகளுக்கு வாடகைக்கு ஓட்டும் எண்ணமும் நம்பகமான டிரைவரும் இருந்தால் மட்டும்தான் நியாயம். வருடத்துக்கு 500 மணி நேரமாவது ஓடாத 45 எச்.பி. வண்டி கொட்டகையில் நின்றுகொண்டே பணத்தைத் தின்னும்.

இரண்டு ஏக்கருக்குள், அதுவும் முழுக்கக் கழனி என்றால் 12 முதல் 15 எச்.பி. பவர் டில்லரையும் யோசிக்கலாம். சேடையில் நன்றாக ஓடும், சிறிய பாத்திக்குள் திரும்பும். ஆனால் பின்னாலேயே சேற்றில் நடக்க வேண்டும். அறுபதைத் தொட்டவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கருவிதான் எச்.பி.யைத் தீர்மானிக்கிறது

ஒரு ஜோடி உழவு மாட்டின் இழுவையை ஏறத்தாழ ஒரு எச்.பி. என்பார்கள். அதை வைத்துக்கொண்டு, "47 எச்.பி. என்றால் 47 ஜோடி மாடு" என்று என்னிடம் வண்டி விற்றவர் கணக்குச் சொன்னார். அது இன்ஜின் பலம். கருவிக்குப் போய்ச் சேருவது வேறு. பின்னால் சுழலும் தண்டை பி.டி.ஓ. என்பார்கள், ரோட்டவேட்டர், பவர் ஸ்பிரேயர், களம் அடிக்கும் இயந்திரம் எல்லாம் அதில்தான் ஓடும். அங்கே கிடைப்பது இன்ஜின் எச்.பி.யில் நூற்றுக்கு 85 அளவுதான். 40 எச்.பி. வண்டியில் பி.டி.ஓ.வில் 34 வரும். மண்ணில் இழுக்கும்போது சக்கரம் வழுக்குவதால் இன்னும் குறையும். எனவே விற்பவரிடம் இரண்டு எண்களையும் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் இருக்கிறது. வண்டி மாடல்களைச் சோதித்து பி.டி.ஓ. பலம், இழுவை, டீசல் செலவு, தூக்கும் எடை எல்லாம் அறிக்கையாகத் தருவார்கள். வாங்கப் போகும் மாடலின் சோதனை அறிக்கையைக் காட்டச் சொன்னால் விற்பனையாளர் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்.

வண்டியின் பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். மஹிந்திரா 575 என்பது 45 எச்.பி. வகை. ஜான் டியர் 5310 என்பது 55. ஸ்வராஜ் 735 என்பது 35 இல்லை, 40. மாஸ்ஸி 1035 மட்டும் 36 எச்.பி. என்று கிட்டத்தட்டப் பெயருக்கு நியாயம் செய்கிறது.

ரோட்டவேட்டரில் ஆரம்பிப்போம், புதிதாக வருபவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஓரடி அகலத்துக்கு ஏழெட்டு எச்.பி. என்பது நடைமுறைக் கணக்கு. மூன்றரை, நாலடிக்கு 24 முதல் 30. ஐந்தடிக்கு 35 முதல் 40. ஆறடிக்கு 45 முதல் 50. ஏழடிக்கு 55க்கு மேல். இதற்குக் கீழே வைத்து ஓட்டினால் ஓடாது என்றில்லை. ஓடும், ஆனால் இன்ஜின் மூச்சு வாங்கும், ரேடியேட்டர் கொதிக்கும், டிரைவர் ஆழத்தைக் குறைத்து மேல்மண்ணைச் சீவிவிட்டுப் போவார். மேலே பவுடர், நாலு அங்குலத்துக்குக் கீழே பாறை. பார்க்க அழகாக இருக்கும், பயிர் வேர் இறங்காது.

கல்டிவேட்டரை எங்கள் பக்கம் ஒன்பது கலப்பை, அஞ்சு கலப்பை என்று கொழுவை எண்ணித்தான் சொல்வார்கள். ஐந்து கொழு மினி டிராக்டருக்கு, ஒன்பது கொழு 35 முதல் 45 எச்.பி.க்கு, பதினொன்று 45க்கு மேல். ஆனால் இது பதமான மண்ணுக்குச் சொன்ன கணக்கு. மழை தள்ளிப்போன வருடம் நம் செம்மண் செங்கல் மாதிரி ஆகிவிடும். அதே ஒன்பது கலப்பையை 40 எச்.பி. வண்டி இழுக்கத் திணறும். அனுபவமுள்ள டிரைவர்கள் அப்போது இரண்டு கொழுவைக் கழற்றி ஏழாக ஓட்டுவார்கள். மினி வண்டியில் ஐந்தை மூன்றாக்குவார்கள். வண்டியைப் பெரிதாக்குவதற்குப் பதில் கருவியைச் சிறிதாக்கலாம் என்பது எனக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் உறைத்தது.

வேகம் எவ்வளவு வரும் என்பதையும் பார்த்துவிடலாம். ஐந்தடி ரோட்டவேட்டர், மணிக்கு மூன்று கிலோமீட்டர். திரும்பும் நேரம் போக மணிக்கு 80 சென்ட் முடியும். நாலடி என்றால் 65 சென்ட். ஒன்றரை ஏக்கர் கொல்லைக்கு இது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவா, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலா என்ற வித்தியாசம்தான். அந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்ற நான் கூடுதலாகக் கொட்டிய பணத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சட்டிக் கலப்பை, திருப்பிப் போடும் இறகுக் கலப்பை போன்ற ஆழ உழவுக் கருவிகளுக்காகப் பெரிய வண்டி வாங்க நினைப்பவர்கள் உண்டு. இரண்டு சட்டிக்கு 35 முதல் 40, இரண்டு இறகு திருப்பிக் கலப்பைக்கு 45 முதல் 50 எச்.பி. வேண்டும். ஆனால் கோடை ஆழ உழவு வருடத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அதற்கு வாடகை வண்டி போதும். கோடையில் வாடகைக்காரரும் சும்மாதான் இருப்பார், பதத்தின் அவசரமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பேர்ணாம்பட்டு, ஆலங்காயம், ஒடுகத்தூர்ப் பக்கத்து மலையடி நிலங்களில் கல் அதிகம். தலையளவு கல் ரோட்டவேட்டரில் மாட்டினால் பிளேடு போகும், போல்ட் போகும், சில சமயம் கியர் பெட்டியே போகும். அங்கே ஸ்பிரிங் வைத்த கல்டிவேட்டரை இரண்டு மூன்று வருடம் ஓட்டி, மேலே வரும் கல்லையெல்லாம் பொறுக்கி வரப்பில் சேர்த்த பிறகு ரோட்டவேட்டரை இறக்குங்கள்.

சேறு: இங்கே எச்.பி.யைவிட எடை பேசும்

ஏரிக்குக் கீழே உள்ள கழனி, குறிப்பாக மதகை ஒட்டிய முதல் மடை நிலங்கள் கோடையிலும் உள்ளே ஈரமாக இருக்கும். காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரிகளின் பாசனத்தில் நிலம் வாங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், ஒன்றரை அடிக்குக் கீழே களி கொழகொழவென்று கிடக்கும். அதை உளை என்போம். 45 எச்.பி. சாதாரண வண்டியின் எடை 1,800 முதல் 2,000 கிலோ. ரோட்டவேட்டர் 400 கிலோவுக்கு மேல். அது உளையில் அமர்ந்துவிட்டால் பலம் எதற்கும் உதவாது. முடுக்க முடுக்க ஆழமாகப் போகும். என் வண்டியை ஒருமுறை அச்சுவரை இறக்கிவிட்டு, இன்னொரு டிராக்டர் வந்து கயிறு கட்டி, அதுவும் பாதி இறங்கி, கடைசியில் ஜே.சி.பி. வந்து தூக்கியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த செலவையும் அன்றைய கணக்கில் எழுதினேன்.

கழனிக்கு எடை குறைந்த, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி நல்லது. குபோட்டா எல் 4508 போன்றவை 45 எச்.பி. இருந்தும் 1,400 கிலோவுக்குள் நிற்பவை. சேடைக்கு இவற்றைத் தேடிப் பிடிப்பதற்கு அதுதான் காரணம். 24, 27 எச்.பி. மினிகளில் 600 முதல் 1,000 கிலோ வரை வகைகள் இருக்கின்றன. உளை நிலத்துக்கு அவை இன்னும் பத்திரம், ஆனால் சேடை முடிய நேரம் பிடிக்கும். சக்கரத்துக்கு வெளியே அல்லது சக்கரத்துக்குப் பதிலாக இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினால் வண்டி அவ்வளவு புதையாது, சேறும் நன்றாகக் கலங்கும். கேஜ் வீல் என்று கேட்டால் எல்லாப் பட்டறைக்காரருக்கும் தெரியும். அதோடு தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள். சாலையும் போகும், வழக்கும் வரும். கழனி ஓரத்தில் கொண்டுபோய் மாட்டுவதுதான் முறை.

காய்ந்த கொல்லையில் கதை தலைகீழ். எடை குறைந்த வண்டி கடின மண்ணில் வழுக்கும், டயர் வீணாகத் தேயும். அங்கே பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவார்கள்; 13.6க்கு 28 அளவு டயர் ஒன்றில் 150 கிலோவுக்கு மேல் எடை கூடும். முன்பக்கம் எழும்பினால் பம்பரில் இரும்புக் கட்டை மாட்டலாம். ஒரே வண்டி கழனிக்கும் கொல்லைக்கும் என்றால் எடை குறைந்ததை வாங்கி, தேவைப்படும்போது எடை சேர்ப்பது எளிது. எடையான வண்டியை இளைக்க வைக்க முடியாது.

தோப்பும் பாரமும்

மாந்தோப்புக்கு 24 முதல் 30 எச்.பி. மினியைத் தாண்டி எதுவும் அவசியமில்லை. உயரம் குறைவாக இருக்க வேண்டும், புகைக்குழாய் மேலே நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டில் இறங்கியிருந்தால் கிளையில் மாட்டாது. தென்னைக்கு இருபத்தைந்தடி இடைவெளி இருப்பதால் எந்த வண்டியும் போகும், ஆனால் விழுந்து கிடக்கும் மட்டை ரோட்டவேட்டரில் சுற்றிக்கொள்ளும், பொறுக்கிவிட்டு ஓட்டுங்கள். வாழையில் ஆறடி இடைவெளிக்குள் மூன்றடி ரோட்டவேட்டர் மாட்டிய மினி மட்டும்தான், அதுவும் முதல் மூன்று மாதம்வரை.

பாரம் இழுப்பதில் பலரும் எச்.பி.யைத்தான் பார்க்கிறார்கள். பிரேக்கைப் பார்ப்பதில்லை. நிரம்பிய கரும்பு டிரெய்லர் சமதரையில் 35 எச்.பி. வண்டிக்குப் பின்னாலும் வரும். இறக்கத்தில் அது வண்டியைத் தள்ளும். நிறுத்துவது வண்டியின் எடையும் பிரேக்கும்தான். மலையடிச் சாலையில் கரும்போ கல்லோ இழுக்கும் எண்ணம் இருந்தால் 45 எச்.பி.க்குக் குறையாமல், எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியாகப் பாருங்கள். மினி டிராக்டருக்கு ஒரு டன், ஒன்றரை டன் பெட்டி போதும். எருவுக்கும் மூட்டைக்கும் அதற்கு மேல் எதற்கு? வரப்புக் குறுக்கே ஏறுவது, சரிவில் பக்கவாட்டில் ஓட்டுவது இரண்டும் வண்டி கவிழும் வேலை. பின்னால் இரும்பு வளைவுப் பாதுகாப்பு இருந்தால் அதைக் கழற்றாதீர்கள், சீட் பெல்ட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். மட்கார்டில் பேரப்பிள்ளையை உட்காரவைத்து ஓட்டும் வழக்கம் நம்மூரில் இருக்கிறது. செய்யவே கூடாது.

விலை, மானியம், பழைய வண்டி

நாலு சக்கர இழுவையுள்ள 27 எச்.பி. மினியின் விலை, இரண்டு சக்கர இழுவையுள்ள 39, 40 எச்.பி. வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "இன்னும் கொஞ்சம் போட்டால் பெரிய வண்டியே எடுத்துடலாமே" என்று விற்பவர் சொல்வது இந்த இடத்தில்தான். மேலே அளந்த டேப் கணக்கை அப்போது எடுத்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை யாராவது காட்டினால் கேள்வி கேளுங்கள்.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 50 விழுக்காடும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடும் மானியம். ஆனால் எச்.பி. வாரியாக உச்சவரம்பு இருக்கிறது. கணக்கில் வருவதும் உச்சவரம்பும் எது குறைவோ அதுதான் கையில் வரும். வண்டியை வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் ஒன்றும் கிடைக்காது. முதலில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் அல்லது உழவன் செயலியில் விண்ணப்பம், அனுமதி ஆணை, பிறகுதான் வாங்குவது. சிறு, குறு விவசாயி சான்று தாசில்தார் அலுவலகத்தில் வாங்க வேண்டும். ஐந்து ஏக்கருக்குள் என்பது வரம்பு. பட்டா உங்கள் பெயருக்கு மாறாமல் இதில் எதுவும் நகராது. புதிதாக வாங்கிய நிலத்துக்கு முதல் வேலை அதுதான்.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்; நீங்கள் வருவதற்கு முன்பே சூடு ஏற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வந்தால் இன்ஜின் வேலை பாக்கி. கருவியைத் தூக்கிப் பிடித்து இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் பாருங்கள். மெதுவாக இறங்கினால் ஹைட்ராலிக் ஓட்டை. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்று கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, அதையும் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் நிலத்தில் ஓட்டிப் பாருங்கள்

கம்பெனி மைதானத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். வாங்கும் முடிவுக்கு வந்த மாடலை, வாங்கப் போகும் அதே அளவுக் கருவியோடு, உங்கள் நிலத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். டீசல் நான் போடுகிறேன் என்றால் பெரும்பாலும் அனுப்புவார்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். மழை பெய்து ஒரு வாரம் ஆன, கொஞ்சம் இறுகிய மண்ணில் ஓட்டினால்தான் உண்மை தெரியும்.

கல்டிவேட்டர் போன்ற இழுவைக் கருவி மாட்டியிருந்தால், பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கருவியைத் தூக்கிவிட்டு, சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை ஓட்டி, போன தூரத்தை அளங்கள். 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கருவியை நீங்கள் விரும்பும் ஆழத்துக்கு இறக்கி மறுபடி பத்துச் சுற்று. 35 மீட்டர் வந்தால் எட்டில் ஒரு பங்கு வழுக்கல், சரியான இணை. 34க்குக் கீழே போனால் எடை போதவில்லை அல்லது கருவி பெரிது. 38, 39 வந்தால் வண்டி சும்மா நடக்கிறது, அந்த வேலைக்கு அதைவிடச் சின்னது போதும்.

ஓடும்போது காதைக் கொடுங்கள். கருவி இறங்கியதும் இன்ஜின் சத்தம் சற்றே அமுங்கி, பிறகு நிதானமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அமுங்கிக்கொண்டே போய் கரும்புகை கக்கினால் அந்தக் கருவிக்கு அந்த வண்டி பத்தாது. வரப்பு மூலையில் திருப்பிப் பாருங்கள். தாழ்ந்த மாமரத்தின் கீழே ஒருமுறை போய் வாருங்கள். அப்புறம், வீட்டிலிருந்து நிலம்வரை கருவியை மாட்டியபடியே முழு வழியும் ஓட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். என் பழைய வண்டிக்கு நான் செய்யாமல் விட்டது இது ஒன்றைத்தான்.

எல்லாம் சரி என்றால், பில் போடும் முன் அருகில் உள்ள சர்வீஸ் இடம் எது, ஸ்பேர் அங்கே இருக்குமா, வேலூர்வரை போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சர்வீஸ் பெரும்பாலான வண்டிகளுக்கு 50 மணி நேரத்தில் வரும். நம் கணக்கில் அதற்கே ஒரு வருடம் ஆகிவிடும் என்பதால், மணிக்கணக்கு வராவிட்டாலும் கையேட்டில் போட்டிருக்கும் மாதக் கெடுவுக்குள் ஆயிலை மாற்றிவிடுங்கள்.